பூண்டு காய்ச்சிய எண்ணெய்

அடுக்களையிலிருந்து சடசடவென்று சத்தம் வந்தது. நல்லெண்ணெயில் பூண்டு வெடிக்கும் சத்தம். காதுவலியில் அழுது ஓய்ந்து மடியில் கிடந்த மகள் சந்தனச்செல்வியை அணைத்தபடி, செல்லக்கனி ஒரு நொடி கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆறுமுகநேரியில் தாயில்லாமல் வளர்ந்தவளுக்கு அந்தச் சத்தம்தான் தாலாட்டு. காதில் சீழ் வடிந்தால் போதும், மூத்தவள் சங்கரம்மாள் எண்ணெய் காய்ச்சி, புறங்கையில் சொட்டு விட்டுச் சூடு பார்த்து, தங்கச்சியை மடியில் சாய்த்து ஊற்றுவாள். இளஞ்சூடு இறங்க இறங்க, அக்காளின் சேலை வாசத்திலேயே தூங்கிப்போவாள் சின்னவள். அந்தச் சுகத்துக்கு ஈடு உண்டா?

ஆனால் சீழ் நிற்கவில்லை. வைத்தியரிடம் போகவும் யாருக்கும் தோன்றவில்லை. இடது காதில் கேட்பது மெல்ல மெல்ல அடங்கிப்போனது. அக்காள் மனசு நோகக்கூடாதே என்று செல்லக்கனி மூச்சு விடவில்லை. பள்ளிக்கூடத்தில் இடப்பக்கச் சுவரை ஒட்டி உட்கார்ந்தாள். துறைமுகத்தில் வேலைபார்க்கும் விஜயராஜுக்கு வாக்கப்பட்டுத் தூத்துக்குடி வந்தபின், 'கூப்பிட்டாலும் திரும்ப மாட்டா, ராங்கிக்காரி' என்ற பேரையும் சுமந்தாள்.

பிள்ளைக்கு நோவு என்று கேட்டுக் காலையிலேயே பஸ் ஏறி வந்திருந்த சங்கரம்மாள், கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"ஏளா, பிள்ளையத் திருப்பிப் பிடி."

"வேண்டாம்க்கா. காதுச் சவ்வுல ஓட்டை இருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்க. எண்ணெய், தண்ணி எதுவும் உள்ள போகக்கூடாதாம். இப்பவே மருந்து பாத்தா சரியாயிருமாம்."

"பெரிய டாக்டரு! ஒனக்கு நா ஊத்தாத எண்ணெயா? நீ என்ன செவிடாவா போயிட்ட?"

சொன்னால் அக்காள் உடைந்துபோவாள். சொல்லாவிட்டால், பிள்ளையின் காது.

"ஆமாக்கா. இந்த இடது காது கேக்காது. சின்னதுலேருந்தே."

சங்கரம்மாள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். நம்பாதவள்போல் தங்கச்சியின் வலது காதை உள்ளங்கையால் பொத்தி, இடது காதருகே குனிந்து என்னவோ சொன்னாள். சூடான மூச்சு மட்டும் பட்டது. செல்லக்கனி அசையவில்லை. பொத்திய கை தானாக நழுவி இறங்கியது.

"பாவி மட்ட, என்கிட்டச் சொல்ல வாய் வரலையா ஒனக்கு?" மாரில் அடித்துக்கொண்டு அழுதாள் சங்கரம்மாள். அழுகைக்கு நடுவே திடீரென்று நிமிர்ந்தாள். "அப்போ இத்தன வருஷமா நா ஏசுனது?"

"பாதிதான் கேட்டுது."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணீரோடு.

"எண்ணெய் ஆறுதுக்கா. வீணாக்காம எந்தலையில தேச்சு விடு," என்று, பிள்ளையைப் பாயில் கிடத்திவிட்டு, அக்காளின் காலடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள் செல்லக்கனி. பழைய விரல்கள், பழைய வாசம். காதுப்பக்கம் மட்டும் அந்த விரல்கள் போகவே இல்லை.

சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பியவள், வாசல்படியில் தங்கச்சியின் இடப்பக்கம் நின்றாள். பிறகு சுற்றி வலப்பக்கம் வந்தாள்.

"போயிட்டு வாரேம்ளா. பிள்ளைக்கு மருந்த மறந்துராத."

தலையை ஆட்டிவிட்டு, அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்து நின்ற செல்லக்கனி, தூங்கும் பிள்ளை எழுந்துவிடாமல் கதவை மெல்லச் சாத்தினாள்.