மூன்றாம் தண்ணீர்

காய்ச்சல், தொண்டைவலி, கழுத்தில் நெறிக்கட்டி. மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸில் கிருபாகரன் சாய்ந்தபடி வந்ததைப் பார்த்தவர்கள் டெங்கு என்றார்கள். மறுநாள் மார்பில் சிவப்புச் சிவப்பாகத் தடித்ததும் அவன் அம்மா வசந்தா வேறு பேச்சே கேட்கவில்லை. வாசலில் வேப்பிலை செருகினாள்.

"ஆத்தா வந்துகீறா. ஊசி, மாத்திரைன்னு எவனும் வாயத் தொறக்கக் கூடாது."

அம்மை கண்ட வீட்டில் தாளிப்பு இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து படுப்பதில்லை. கல்யாணமாகி வருடம் திரும்பாத ஸ்ரீதேவி, பாயைச் சுருட்டிக்கொண்டு மாமியார் பக்கம் போனாள்.

கிருபாகரனுக்கு உறுத்தியது. பள்ளி நாளிலேயே அவனுக்கு அம்மை போட்டுவிட்டது. மூக்கில் தழும்பு இருக்கிறது. இந்தத் தடிப்பு ஒன்றிலும் நீர் கோக்கவில்லை. அதோடு, போன மாதம் கம்பெனி வேலையாக ஓசூர் போனபோது லாட்ஜில் ஒருத்தியோடு இருந்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

எல்லாம் தானாக வடிந்தது. வசந்தா மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள். உடம்பு தேறியதுதான் அவன் நிம்மதியைக் கெடுத்தது. எச்.ஐ.வி.யிலும் முதலில் இப்படிக் காய்ச்சல் வந்து தானாக அடங்கும் என்று எங்கோ படித்திருந்தான். இரண்டாம் தண்ணீர் முடிந்ததும் வேலைக்கென்று கிளம்பி, செங்கல்பட்டில் எச்.ஐ.வி. பரிசோதிக்கும் நம்பிக்கை மையத்துக்குப் போனான்.

'இல்லை' என்று வந்தது. எழுந்தவனை ஆலோசகர் ஜெசிந்தா உட்கார வைத்தார்.

"இன்னா அவசரம்? இப்ப இல்லன்னு வந்தா இல்லன்னு ஆயிடாது. ரத்தத்துல தெரிய நாளாகும். அந்தக் காய்ச்சல் இதோட ஆரம்பமாவும் இருக்கலாம், சும்மா வைரஸ் காய்ச்சலாவும் இருக்கலாம். அடுத்த மாசம் திரும்ப வாங்க. இருந்தா மாத்திரை கீது, நல்லா வாழலாம். ஆனா ஆரம்பத்துலதான் அடுத்தவங்களுக்குச் சுலபமா தொத்தும். சம்சாரம் ஜாக்கிரதை."

"வூட்ல வேப்பிலை செருகிகீது, மேடம். தனித்தனியாத்தான் படுக்கறோம்."

ஜெசிந்தா சிரிக்கவில்லை. "எத்தினி நாளைக்கு?"

மூன்றாம் தண்ணீர் ஊற்றிய காலையில், காய்ந்த வேப்பிலையை உருவி எடுத்துக்கொண்டு வசந்தா கோயிலுக்குப் போனாள். தப்பான காரணத்துக்காகச் செய்தது சரியான ஆளைக் காப்பாற்றியிருந்தது. அதில் யாரும் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஸ்ரீதேவி பாயோடு அறைக்கு வந்தாள்.

"நீ அங்கியே படு. இன்னும் கொஞ்ச நாளு."

"இன்னாய்யா, ஆத்தாவே கெளம்பிட்டா. நீ புடிச்சி வெச்சிகினு கீற?"

ஆத்தா இன்னும் இறங்கவில்லை என்று சொல்லிவிடலாம். அவளும் நம்பிவிடுவாள். அவன் கதவைச் சாத்தினான்.

"வந்தது அம்மை இல்ல, தேவி. ஓசூர் போனேன்ல..."

பாயைக் கீழே வைக்காமலே அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.