ஆடி மாதத்துக் கம்பளிக் கோட்டு

அண்ணாவின் கம்பளிக் கோட்டில் பைகளின் வாய் இன்னும் தைத்தபடியே இருக்கிறது. ஒரு நாள்கூட யாரும் அவற்றில் கை விட்டதில்லை. கைகளின் ஓரத்தில் வெள்ளை நூலில் போட்ட ஓட்டுத் தையல் பல்லை இளித்துக்கொண்டு நிற்கிறது. ஸ்ரீரங்கத்து வெயிலுக்குக் கம்பளிக் கோட்டு கேட்கிறதா என்று சிரிக்காதீர்கள். அது ஹாலந்துக்கோ இங்கிலாந்துக்கோ போக வேண்டிய கோட்டு.

ஐம்பதுகளின் கடைசி அது. அண்ணா சென்னையில் பி.எல். முடித்துவிட்டு வந்திருந்தான். அவன் பைத்தியமெல்லாம் தேசங்களுக்கு நடுவே செல்லும் சட்டத்தில். டவுன் பஸ் காவேரிப் பாலத்தில் ஏறினால் போதும், என் பக்கம் திரும்பி, "ரெண்டு தேசத்துக்கு நடுவுல ஓர் ஆறு ஓடினா அந்தத் தண்ணி யாருதுடீ?" என்று ஆரம்பித்துவிடுவான். "குளிக்கிறவாளுது" என்பேன். "நீதான் ஜட்ஜ்" என்று என் தலையில் குட்டுவான். எனக்கு அப்போது ஸ்கூல் முடிகிற வயது.

எடுத்த எடுப்பில் யாரையும் சேர்த்துக்கொள்ளாத இரண்டு சர்வகலாசாலைகள் அவனை வரச் சொல்லியிருந்தன, உபகாரச் சம்பளத்தோடு. இங்கிலாந்தில் இருந்ததில், அவன் மூன்று தடவை படித்துக் கிழித்த புத்தகத்தை எழுதிய பேராசிரியரே பாடம் சொன்னார். ஹாலந்தில் இருந்ததற்கோ அடுத்த ஊரிலேயே உலகக் கோர்ட்டு. கொஞ்ச நேர ரயில் பயணம்தானாம். ராத்திரி சாப்பாட்டின்போது தினம் இதே பேச்சு. கடைசியில் ஒரு நாள் ரசத்தைக் கையில் ஏந்திக்கொண்டே சொன்னான்: "அப்பா, புஸ்தகத்தை இங்கயே படிச்சுக்கலாம். கோர்ட்டை அங்க போனாத்தான் பாக்க முடியும். ஹாலந்துதான்."

அப்பா கோயிலில் பிரபந்தம் சேவிக்கிறவர். பிள்ளை கடல் தாண்டினால் கைங்கர்யம் என்ன ஆகும் என்று தெருவே கேட்டது. "கடலைத் தாண்டப் போறது அவன். பாசுரம் சொல்லப் போறது நான். இதுல ஒமக்கென்ன ஓய்?" என்று அப்பா சிரித்துவிட்டார். அப்பாவா இப்படி என்று நாங்கள் வாயைப் பிளந்தோம். தடை அங்கிருந்து வரவில்லை.

ஹாலந்தில் வகுப்பு முன்னாலேயே தொடங்கிவிடும். அதற்கு ஆடியில் கப்பல் ஏற வேண்டும். இங்கிலாந்துக்கு ஆவணியில் கிளம்பினால் போதும். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எந்த ஊருக்கு வேணா போடா கொழந்தே. ஆடியில மட்டும் வாசப்படி தாண்டாதே." நல்ல காரியம் எதையும் எங்கள் வீட்டில் ஆடியில் தொடங்கியதில்லை. அண்ணா அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில், "சரிம்மா, இங்கிலாந்தே போறேன்" என்றான். உலகக் கோர்ட்டு ஒரு மாதத்துக்காகக் கை நழுவிப் போயிற்று. என்ன ஆடி வேண்டிக்கிடக்கிறது! நான் கொல்லையில் போய் அழுதேன்.

ஆடி முடிய இன்னும் சில நாட்கள்தான். திருச்சியில் சத்திரம் பக்கத்தில் ஒரு தையற்காரரிடம் கோட்டு தைக்கக் கொடுத்திருந்தான். ட்ரையல் பார்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். ஆடிக்காற்று தெருப் புழுதியைக் கடைக்குள் வாரிக் கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே ஸ்வெட்டர் போட இடம் வேண்டும் என்று அண்ணா கையை நீளமாக வைக்கச் சொல்லியிருந்தான். "இது ட்ரையல்தாங்க தம்பி. அடுத்த வாரம் வாங்க, முடிச்சுக் குடுத்துடறேன்" என்றார் தையற்காரர், வாயில் ஊசியோடு. அப்போதுதான் அடுத்தாத்து மாமா சைக்கிளில் மூச்சிரைக்க வந்து நின்றார். கோயிலிலிருந்து திரும்பிய அப்பா கூடத்தில் மயங்கி விழுந்துவிட்டாராம். அண்ணா கோட்டைக் கழற்றவில்லை. கழற்ற வேண்டும் என்றே தோன்றவில்லை. வேர்த்துக் கொட்ட, அந்த வெள்ளை நூல்களோடு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தான். பஸ்ஸில் ஒருவன் சிரித்தான். அவனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அப்பாவுக்குக் கொஞ்சம் நினைவு திரும்பியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்ட அண்ணாவின் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். "நன்னா இருக்குடா. கைதான் கொஞ்சம் நீளமோ?" என்றார். அவர் பேசியது அவ்வளவுதான். பொழுது சாய்வதற்குள் போய்விட்டார்.

ஒரே பிள்ளை. மாதா மாதம் மாசிகம் பண்ண வேண்டும். வருஷம் திரும்புகிறவரை கடல் தாண்டுகிற பேச்சே கிடையாது. அதுவரை இடத்தை வைத்திருக்க முடியாது என்று இங்கிலாந்திலிருந்து பதில் வந்தது. வந்தவர்களெல்லாம், "கொள்ளி போடப் பிள்ளையைப் பெருமாள் நிறுத்தி வெச்சார்" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறகு அண்ணா திருச்சிக் கோர்ட்டில் கறுப்பு கவுன் மாட்டினான். வாய்க்கால் தகராறு, வரப்புத் தகராறு. தேசங்களின் ஆற்றைப் பங்கு பிரிக்க நினைத்தவன் அண்ணன் தம்பி மடைக்கு வாதாடினான். நன்றாகவே வாதாடினான், அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். "மறுபடி எழுதிப் போடேன் அண்ணா" என்று நச்சரிப்பேன். "பாக்கலாம், பாக்கலாம்" என்பான்.

சில வருஷம் கழித்து ஓர் ஆடிப் பெருக்கன்று, காவேரிக்கரையில் அம்மா மண்டபத்துப் படித்துறையில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா திடீரென்று உடைந்து போனாள். "நான்தாண்டா ஒன் கால்ல கல்லைக் கட்டினேன். அன்னிக்கே போயிருப்பே." அண்ணா அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். "போயிருந்தா நடுக்கடல்ல இருந்திருப்பேம்மா. அப்பா யார் கையைப் பிடிச்சுண்டிருப்பார்?" சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் சொன்னது நிஜம். ஹாலந்தும் நிஜம். இரண்டையும் அவன் ஒருவனே சுமந்தான்.

அண்ணா போய் வருஷங்கள் ஆகிவிட்டன. போன வாரம் அவன் பேத்தி படிக்க வெளிநாடு கிளம்பினாள். ஆடி மாதம்தான். யாரும் வாயைத் திறக்கவில்லை. கிளம்புமுன் பழைய பெட்டியிலிருந்து அந்தக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, "அத்தைப் பாட்டி, சூப்பரா இருக்கே! இந்த வெள்ளை நூலை மட்டும் வெட்டிடவா?" என்று கத்தரிக்கோலோடு வந்து நின்றாள்.

"வெட்டாதேடி கண்ணா" என்றேன். "இது ட்ரையல்தான். அடுத்த வாரம் முடிச்சுக் குடுக்கறேன்னு சொல்லியிருக்கார்."