பதினான்கு பாய்களுக்கு ஒரு லென்ஸ்

பாரிமுனைப் பக்கம் ஒரு பழைய கேமராக் கடை. அங்கே டியூப் லைட்டுக்குக் கீழே நின்று அக்கா ஒரு முழு அறையையும் ஒரே படத்தில் அடக்கிவிடும் மீன்கண் லென்ஸைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். ஃபேக்டரி லைனில் சர்க்யூட் போர்டுகளில் கீறல் பார்க்கும் அதே சாய்வு. கடைக்காரர் சிரித்தார். "இன்னாம்மா, ரிஜெக்ட் பீஸ் தேடுறியா?"

அக்கா எனக்கு உறவில்லை. ஒரகடம் பக்கத்து ஹாஸ்டலில் அடுத்த பாய்க்காரி. நான் எட்டாவதோடு நின்று, ஐந்தாறு கம்பெனி மாறி அங்கே போய்ச் சேர்ந்தவள். ஒரே அறையில் பதினான்கு பேர், சுவருக்குச் சுவர் பாய். ஷிப்ட் முடிந்து வருகிறவள் யாரையாவது மிதிக்காமல் தன் இடத்துக்குப் போக முடியாது. நாள் முழுக்க நின்றே வேலை. வந்தால் காலை நீட்ட வழியில்லை. அறையை இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள் என்று, எங்களை வேலைக்கு எடுத்த ஏஜென்சியின் மேனேஜரிடம் அக்கா மூன்று முறை கேட்டாள். "சும்மா இடமில்ல, இடமில்லன்னா? ஃபோட்டோ எடுத்துக் கொண்டா, பாக்கலாம்" என்றார்.

அக்காவிடம் கேமரா இருந்தது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் வாங்கும் சாதாரணக் கேமரா. ஹாஸ்டல் பிறந்தநாள்களுக்கு எடுப்பாள். கதவோடு முதுகை ஒட்டி நின்றாலும் ஐந்து பாய்க்கு மேல் படத்தில் விழவில்லை. ஐந்து பாயைப் பார்த்து யார் இரங்குவார்கள்? அதனால்தான் வார லீவில் பஸ் ஏறினோம்.

கடைக்காரர் நல்ல மனிதர். ஃபோகஸைக் கையால் திருப்ப வேண்டும், ஓரமெல்லாம் வளையும் என்று முன்னாலேயே சொன்னார். "கல்யாண மண்டபமா எடுக்கப் போற?"

"மண்டபமா? பாய் போட்டுத் தூங்குற ரூமுண்ணே. வளைஞ்சா வளையட்டும். ஒருத்திகூட வுட்டுப் போவக் கூடாது."

கண்ணாடியில் கீறல் இல்லை, பூஞ்சை இல்லை, கேமராவில் ஆடாமல் உட்கார்ந்தது. ஓகே பீஸ். பொருளில் குறை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்களுக்குப் பழக்கம். அது போய் என்ன செய்யும் என்று லைனில் யாரும் எங்களைக் கேட்டதில்லை. அன்றும் நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் பதினான்கு பேரும் ஒன்றாகக் கிடைத்தோம். அக்கா பக்கெட்டைக் கவிழ்த்து ஏறி நின்றாள். ஓரத்தில் இருந்த தூத்துக்குடிக்காரி கத்தினாள்: "எக்கா, என் மூஞ்சிய இழுத்துப்புடாதிய, வீட்ல மாப்பிள்ள பாக்காவ!"

படத்தில், எடுத்த அக்காவைத் தவிர எல்லோரும் இருந்தோம். எதிர்ச்சுவர் எங்கோ தூரத்தில் இருந்தது. தரை மைதானம் போல விரிந்திருந்தது. "நம்ம ரூமா இது!" என்று சந்தோஷப்பட்டோம், நானும்தான். ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

அக்கா நீட்டிய படத்தை மேனேஜர் நிதானமாகப் பார்த்தார். "ஹால் மாதிரி கீது. இதுக்கா இவ்ளோ சண்ட?"

"சார், ஒருவாட்டி நேர்ல வந்து பாருங்க சார்."

"அதான் பாத்துட்டனே."

அடுத்த வாரம் பையும் கையுமாக இரண்டு புதுப் பெண்கள் வாசலில் நின்றார்கள். அக்கா தன் பாயைப் பாதியாக மடித்து இடம் விட்டாள். நானும் மடித்தேன்.

ஒப்பந்தம் முடிந்து அக்கா ஊருக்குப் போனாள், பிறகு பேச்சில்லை. இப்போது மறைமலை நகரில் எனக்கென்று ஒரு கட்டில் இருக்கிறது. மல்லாந்து படுத்தால் தூக்கம் வருவதில்லை. சுவரைப் பார்த்து ஒருக்களித்து, முழங்காலை மடக்கிக்கொண்டுதான் தூங்குகிறேன்.