வருடத்தில் ஒரு காலை

கெலிஓயாச் சாப்பாட்டுக்கடையை விட்டு இருட்டோடு நடந்துகொண்டிருந்தேன். "குருவி பாக்கப் போனா அப்படியே போயிரு, திரும்பி வராத!" என்று முதலாளி வாசலிலிருந்து கத்தினார். நான் நிற்கவில்லை.

வடக்கிலிருந்து கடல் தாண்டி வரும் கதிர்க்குருவிகள் ஐப்பசியில் ஹந்தானைக் காட்டில் இறங்கும். வெயில் ஏறினால் உச்சி இலைகளுக்குள் மறைந்துவிடும். காலையில்தான் பார்க்கலாம். கடையில் ரொட்டி போடுவதும் காலையில்தான். போன வருடம் ரொட்டிதான் போட்டேன்.

இம்முறை கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றேன். வெளிர்மஞ்சள் புருவத்தோடு ஒன்று கிளை நுனிக்கு வந்து, புழுவைக் கொத்திக்கொண்டு போனது. அது போதும்.

மறுநாள் காலை கண்டி மார்க்கட்டில் ஒரு மரக்கறிக் கடைக்காரர் மூட்டை தூக்க ஆள் தேடினார்.

"வருசத்துல ஒரு காலைல வரமாட்டேன். குருவி பாக்கணும்" என்றேன்.

"இந்த வருசம் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

"அப்ப தூக்கு" என்று சிரித்தார். தூக்கினேன்.