பெயர் எழுதாத சிட்டை

நடந்தது இந்த வரிசையில்தான்:

1. வியாழக்கிழமை மாலை, ஆறு வீடுகளில் கேட்டு, கடைக்கு அனுப்பும் சாமான் சிட்டையை நான் எழுதினேன்.
2. வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் சிட்டை கீழே போனது.
3. அன்று மாலை பஸ்ஸில் சாமான் மேலே வந்தது. எது யாருடையது என்று எந்தப் பொட்டலத்திலும் இல்லை. தவறு என்னுடையது.
4. சனிக்கிழமை விடிந்தபோது மலைப்பாதை அடைபட்டிருந்தது.
5. சாமானைப் பிரித்தபோது பெரியவர்கள் எல்லாரும் பொய் சொன்னார்கள்.

முதல் நான்கும் எனக்கு அன்றே விளங்கின. ஐந்தாவதுதான் விளங்கவில்லை.

மாஞ்சோலைக்கும் மேலே, தேயிலைத் தோட்டத்தில், ஒரே கூரையின் கீழ் ஏழு வீடுகள் கொண்ட லைனில் நாங்கள் குடியிருந்தோம். கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை. ஆனால் அதில் சமைக்கிற மாதிரி எதுவும் கிடையாது. அந்தக் குளிரில் முருங்கை வராது. அவரை போட்டால் மிளா மான் மேய்ந்துவிடும், கிழங்கு போட்டால் பன்றி கிண்டிவிடும். ரேஷன் அரிசி வீட்டில் இருக்கும். அந்த அரிசியோடு சேர்த்துத் தின்ன வேண்டியதெல்லாம் கீழேயிருந்து வர வேண்டும். அதனால் வாரம் ஒருமுறை ஒரு தாளில் எல்லா வீட்டுத் தேவையையும் எழுதி கண்டக்டர் மாமாவிடம் கொடுப்போம். கல்லிடைக்குறிச்சியில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சி, வீட்டுக்கு ஒரு பையாகக் கட்டி, பையின் மேல் பெயர் எழுதி, மாலை பஸ்ஸில் ஏற்றிவிடுவார்.

என் கையெழுத்து திருத்தமாக இருக்கும் என்பதால் சிட்டை எழுதும் வேலை என்னிடம் வந்தது. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அந்த வாரம்தான் பள்ளியில் அட்டவணை போடக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். வீடுவீடாக எழுதினால் பருப்பு என்ற சொல் ஆறு முறை வருகிறது. ஒரே முறை எழுதிக் கூட்டிப் போட்டால் எவ்வளவு அழகாக இருக்கும்! துண்டுத்தாளில் குறித்தேன், கூட்டினேன், நல்ல தாளில் எழுதினேன். பருப்பு அரைக்கிலோப் பொட்டலம் ஒன்பது. தேங்காய் பத்து. உள்ளி, அதாவது வெங்காயம், ஆறு கிலோ. நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம். இப்படிப் பதினான்கு வரிகள். துண்டுத்தாள் இனி எதற்கு என்று அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஏழு வீட்டில் ஆறு வீடு என்றேன். ஏழாவது, கடைசி வீடு, சித்தியுடையது. அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. குழாயடியில் யார் குடம் முதலில் என்று தொடங்கிய ஒரு சண்டையில் அம்மாவோடு பேச்சு நின்றது. பிறகு லைன் முழுவதோடும் நின்றது. இரண்டு வருடமாக சித்தி எங்கள் சிட்டையில் சேர்வதில்லை. சித்தப்பாவே கீழே போய் வாங்கி வருவார். அந்த வெள்ளிக்கிழமை காலை சிட்டை போன அதே பஸ்ஸில் அவரும் போனார், மறுநாள் வருவதாக.

மறுநாள் பஸ் வரவில்லை. இரவெல்லாம் பெய்த மழையில் மண்ணும் மரமும் சரிந்து பாதையில் கிடப்பதாக அப்பா வந்து சொன்னார். எப்போது சரியாகும் என்று அவருக்கும் தெரியவில்லை.

முந்தின மாலை வந்த சாமானெல்லாம் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரே குவியலாகக் கிடந்தது. பிரித்துக்கொள்ள ஆறு வீட்டுப் பெண்களும் வந்தார்கள். நான் பயந்துகொண்டு நின்றேன்.

“அண்ணாச்சி என்ன, கல்யாண வீட்டுக்கு அனுப்புன மாதிரி அனுப்பியிருக்காவ?” என்றாள் பக்கத்து வீட்டு அத்தை.

“எல்லாம் இந்த மூதி செஞ்ச வேலை,” என்றாள் அம்மா. “கணக்குப் படிக்காளாம், கணக்கு.”

எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் யார் என்ன கேட்டார்கள் என்பது மனப்பாடமாக இருந்தது. துண்டுத்தாள் இல்லாவிட்டால் என்ன, நான் சொல்கிறேன் என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. அப்பாதான் இடையில், “கடைசி வீட்டுல அவன் இல்லயே. பிள்ளையளுக்கு என்ன செய்வாவளோ,” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். அவரவர் பங்கை எடுக்கத் தொடங்கினார்கள்.

அங்கேதான் பொய் ஆரம்பித்தது. இரண்டு தேங்காய் எழுதச் சொன்ன அம்மா ஒன்று எடுத்தாள். ஒரு கிலோ பருப்பு கேட்டவர்கள் அரைக்கிலோப் பொட்டலம் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். நெத்திலியைத் தொடவே ஆளில்லை.

“அத்தை, நெத்திலி நீங்கதானே சொன்னீய? மறந்திராதேன்னு ரெண்டு தடவை சொன்னீய.”

“நானா? எனக்குக் கருவாடுன்னா ஆகாதுட்டி.”

அத்தை வீட்டுச் சுவரே கருவாடு மணக்கும். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா அரிசிச் சாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் மிச்சம் கிடந்தவை: தேங்காய் இரண்டு, பருப்பு மூன்று பொட்டலம், உள்ளி ஒரு கிலோ, கொஞ்சம் தக்காளி, எண்ணெய் ஒரு பாக்கெட், நெத்திலி. கூட்டல் எனக்குத் தெரியும். நான் எழுதியதும் வந்ததும் சரியாக இருந்தன. எடுத்ததுதான் குறைவு. மிஞ்சவே கூடாத இடத்தில் மிஞ்சியிருந்தது. பாதை அடைபட்டிருக்கும்போது, யாருக்கும் வேண்டாமாம்!

“அண்ணாச்சி கூடுதலா வச்சிட்டாவ போல,” என்றாள் அம்மா. “இத ஒரு பையில போட்டுக் கொழாயடி மேடையில வச்சிட்டு வா. யாரோடதோ அவிய எடுத்துக்கிடுவாவ.”

“யாரோடதும் இல்லன்னு எல்லாரும் சொல்லிட்டாவளே?”

“சொன்னதச் செய்யிட்டி.”

குழாயடி கடைசி வீட்டுக்கு எதிரில் இருந்தது. பையை வைத்தேன். ஆனால் விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. ஏற்கெனவே ஒரு தவறு செய்திருக்கிறேன். இதில் பையும் திருடு போனால்? குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே காவல் உட்கார்ந்தேன்.

சித்தி குடத்தோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்தாள். தண்ணீர் பிடிக்காமல் உள்ளே போய்விட்டாள். சற்று நேரம் கழித்து மறுபடி வந்தாள், மறுபடி போனாள். உள்ளே அவளுடைய சின்னப் பையன் வெறுஞ்சோறு வேண்டாம் என்று அழுவது கேட்டது. எங்கள் பக்கத்திலிருந்து அம்மா கூப்பிட்டாள்: “ஏட்டி, உள்ள வா. மழையில என்ன ஆட்டம்?” பின்னாலேயே அத்தை கூப்பிட்டாள். பிறகு இன்னொரு வீட்டிலிருந்தும் குரல் வந்தது. என் பொறுப்புணர்ச்சியை இவர்கள் ஏன் மதிக்க மாட்டேன் என்கிறார்கள் என்று எனக்குக் கோபம்.

மூன்றாம் முறை சித்தி வந்தபோது நானே கேட்டேன். லைனில் அவளோடு பேசக் கூடாது, ஆனால் இது விசாரணை.

“சித்தி, இந்தப் பை ஒங்களுதா?”

“எனக்கு எதுக்குட்டி இது? என் பேரு எழுதியிருக்கா அதுல?”

“யாரு பேரும் எழுதல. நான்தான் எழுதாம விட்டுட்டேன்.”

சித்தி பையைப் பார்த்தாள். பிறகு எங்கள் ஆறு கதவுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு கதவிலும் ஆள் இல்லை. சற்று முன் குரல் கொடுத்தவர்கள் எங்கே போனார்கள் என்று நானும் திரும்பிப் பார்த்தேன்.

“நனையுதுல்லா,” என்றாள் சித்தி. “உள்ள எடுத்து வைக்கேன். யாரும் கேட்டா குடுத்திருதேன்னு சொல்லு.”

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்: பை சித்தியிடம் பத்திரமாக இருக்கிறது, கேட்டால் தருவாள்.

“கேட்டா வாங்கிக்கிடலாம்,” என்றாள் அம்மா.

யாரும் கேட்கவில்லை. நான்தான் ஒவ்வொரு வீடாகப் போய், கேட்கிறீர்களா என்று கேட்டேன். அத்தை என்னை விரட்டினாள். அன்று மாலை கடைசி வீட்டுப் பக்கமிருந்து வறுத்த நெத்திலி மணம் வந்தது. சித்தி பிறத்தியார் பொருளைச் சமைக்கிறாள் என்று சொல்ல நான் எழுந்தேன். அத்தை கஞ்சித் தட்டோடு வாசலில் நின்று மூக்கை இழுத்துக்கொண்டு, “நல்லா மொறுமொறுன்னு வறுத்திருக்கா,” என்றாள். கருவாடு ஆகாதவள்.

மூன்று நாள் கழித்து சித்தப்பா சரிவுகளில் ஏறி நடந்தே வந்தார். வந்தவர் லைனுக்கு ஏறும் கடைசி மேட்டில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டிருந்தார். இனி ஒரு மாதம் கீழே போக முடியாது என்றார்கள்.

பாதை திறந்து பஸ் ஓடத் தொடங்கிய முதல் வியாழக்கிழமை, பழைய தவறு வராமல் சிட்டை எழுதினேன். வீட்டுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு மேல் பெயர், பெயருக்குக் கீழே சிவப்பு மையில் கோடு. அம்மாவிடம் காட்டினேன். அவள் வெகுநேரம் பார்த்தாள்.

“போன தடவை எழுதுனியே, அப்படியே எழுது,” என்றாள்.

“அது தப்புல்லா?”

“தப்புதான். அப்படியே எழுது. பருப்புல ஒரு பொட்டலம், தேங்காயில ஒண்ணு, எல்லாத்துலயும் கொஞ்சம் கூட்டிப் போட்டுக்கோ.”

“அது யாருக்கு?”

“யாருக்கும் இல்ல. தப்பா எழுதுனா கூடக் கொறைய வரத்தானே செய்யும்?”

அத்தையைக் கேட்டேன். அவளும் அப்படியே எழுதச் சொன்னாள், நெத்திலி இரண்டு பொட்டலமாக. சிவப்புக் கோடு போட்ட தாளைக் கிழித்துவிட்டு, சரியாகச் செய்யத் தெரிந்தும் தவறாகச் செய்ய வேண்டியிருக்கிறதே என்று அழுதுகொண்டே எழுதினேன். அந்த மாதம் நான்கு முறை அப்படி எழுதினேன். நான்கு முறையும் மிஞ்சிய பையைக் குழாயடியில் வைத்துவிட்டு, அம்மா சொன்னபடி திரும்பிப் பார்க்காமல் வந்தேன். எனக்குக் கூட்டல் வராது என்று இவர்கள் எல்லாரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டார்கள், அதை என்னிடம் சொல்லத்தான் கூச்சப்படுகிறார்கள் என்றே நினைத்திருந்தேன்.

இப்போது லைனில் யாரும் இல்லை. தோட்டத்தை மூடியதும் எல்லாரும் மலையிறங்கிவிட்டோம். எங்களுக்குக் கல்லிடைக்குறிச்சியில் வாடகை வீடு, சித்திக்கு இரண்டு வீடு தள்ளி. காய்கறி வண்டி தினமும் தெருவுக்கே வருகிறது. அம்மாவும் சித்தியும் ஒரே நேரத்தில் வண்டியருகே நின்று வாங்குகிறார்கள். இன்னும் பேசிக்கொள்வதில்லை.