இரண்டு தீவுகள், ஒரு காலி அறை

போன வாரத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. செகந்தராபாத் மாரெட்பள்ளியில் எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. ரசம் முடிந்து மோர் ஊற்றும் நேரம். எங்கள் மாடியில் குடியிருக்கும் ராமசாமி என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"ஆண்ட்டி, அந்தப் பொண்ணுக்கு ரூம் கொடுக்காதீங்க."

இங்கிலீஷில்தான் சொன்னார். நான் பத்தாவதோடு நின்றவள். ஆனாலும் அந்த அளவுக்குப் புரியும். கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

'அந்தப் பொண்ணு' கை கழுவப் பின்பக்கக் குழாய்க்குப் போயிருந்தாள். ஒரு நிமிஷம் முன்புவரை இரண்டு பேரும் அவர்கள் பாஷையில் பேசிச் சிரித்தபடிதான் சாப்பிட்டார்கள். பிறகு ஏன் இப்படி?

முதலில் ராமசாமி யார் என்று சொல்லிவிடுகிறேன்.

மாடி போர்ஷன் காலியானபோது என் மகள் கவிதா இன்டர்நெட்டில் விளம்பரம் போட்டாள். நிறைய பேர் எழுதினார்கள். அதில் ஒரு பெயர் — ராமசாமி. "நம்ம பிள்ளைக்கே கொடுத்துடலாம்டி" என்று சொல்லிவிட்டேன். வந்து இறங்கியவர் பார்க்கவும் நம் பிள்ளை மாதிரிதான் இருந்தார். "சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டேன். "பார்டன்?" என்றார்.

ஒரு வார்த்தை தமிழ் தெரியாது. குவாதலூப் என்று ஒரு தீவு, அமெரிக்காவுக்குக் கீழே, கடலுக்கு நடுவில் இருக்கிறதாம். அவருடைய கொள்ளுத்தாத்தாவைக் கரும்பு வெட்டுவதற்குக் காரைக்காலில் இருந்து கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். அந்தத் தீவு இன்றைக்கும் பிரான்ஸ் தேசத்தின் ஒரு ஜில்லா. இவர் கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட். ஹைடெக் சிட்டியில் ஒரு பிரெஞ்சுக் கம்பெனிக்காக வந்திருக்கிறார்.

ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றி அம்மன் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தேன். மாடிப்படியில் இருந்து இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. எட்டிப் பார்த்தால், ராமசாமி. கண்ணை மூடிக்கொண்டு, கை கூப்பிக்கொண்டு நிற்கிறார். அங்கேயும் மாரியம்மன் கோயில் இருக்கிறதாம். பாட்டு மட்டும் வாயில் தங்கிவிட்டது. அர்த்தம் எதுவும் தெரியாது. அன்றைக்கு நான் அழுதுவிட்டேன். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு அவருக்கு எங்கள் வீட்டில்தான்.

அப்படிப்பட்ட பிள்ளைதான் ரூம் கொடுக்காதே என்கிறது.

அடுத்து ரோஸ். ஹைட்டி என்ற நாட்டில் பள்ளிக்கூட டீச்சர். நம் சர்க்கார் செலவில் கம்ப்யூட்டர் படிப்புக்கு வந்திருக்கிறாள். வகுப்பு முடிந்துவிட்டது. கடைசி இரண்டு மாதம் கவிதாவின் ஆபீஸில் பயிற்சி. ஆனால் ஹாஸ்டலை அந்தச் சனிக்கிழமைக்குள் காலி செய்தாக வேண்டும். வேறு இடம் கிடைக்காவிட்டால் சர்டிபிகேட் இல்லாமல் ஊருக்கு விமானம் ஏற வேண்டியதுதான். சர்டிபிகேட் இருந்தால்தான் அங்கே வேலை நிரந்தரமாகும். அவள் சம்பளத்தில்தான் அம்மாவும் இரண்டு தம்பிகளும் சாப்பிடுகிறார்கள்.

"அம்மா, நம்ம பின்பக்க ரூம் சும்மாதானே இருக்கு? ராமசாமியோட தீவுக்குப் பக்கத்துத் தீவும்மா. அவருக்கும் பேச்சுத்துணை ஆச்சு" என்று கவிதாதான் அவளைச் சாப்பாட்டுக்கு அழைத்து வந்திருந்தாள்.

என் வீட்டுக்காரர் மின்சார இலாகாவில் இருந்து ரிட்டயர் ஆனவர். எந்த ஊரானாலும் அவர் கரெண்ட்டை வைத்துத்தான் அளப்பார்.

"உங்க ஊர்ல கரெண்ட் எத்தனை மணி நேரம்?"

"இருபத்திநாலு மணி நேரமும்" என்றார் ராமசாமி.

"எங்க ஊர்லயும் வரும் அங்கிள்" என்றாள் ரோஸ். "எப்ப வரும்னு கர்த்தருக்குத்தான் தெரியும்."

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

ராமசாமியின் அம்மாவுக்கு பென்ஷன் வருகிறதாம். உடம்புக்கு முடியாவிட்டால் ஆஸ்பத்திரி. ஆபரேஷன் பெரிது என்றால் விமானத்தில் பாரிசுக்கே அனுப்புவார்களாம். வாசலில் கார். கடையில் பிரான்ஸில் இருந்து கப்பலில் வந்த வெண்ணெய், ஆப்பிள். விலைதான் கண்ணைப் பிதுக்கும் என்றார்.

"உங்க மண்ணுல எதுவும் விளையாதா தம்பி?"

"வாழைப்பழம் விளையுது ஆண்ட்டி. அதைக் கப்பல்ல பிரான்ஸுக்கு அனுப்பிடுவோம்."

ரோஸின் அம்மா சந்தையில் தரையில் சாக்கை விரித்து அடுப்புக்கரி விற்கிறார். குடிதண்ணீருக்கு லாரி வர வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போனால் பஞ்சும் ஊசியும்கூட நாமே வாங்கிக்கொண்டு போக வேண்டுமாம். இதையெல்லாம் சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தமே இல்லை. காராமணிக் குழம்பை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள். அவர்கள் வீட்டிலும் சோறும் காராமணியும்தானாம்.

இரண்டு தீவையும் பிரெஞ்சுக்காரன்தான் ஆண்டான். இரண்டிலும் கரும்புதான் போட்டான். பேச்சும் கிட்டத்தட்ட ஒன்றுதான். விமானத்தில் இரண்டு, மூன்று மணி நேரம்தான் தூரம் என்கிறார்கள். பிறகு ஏன் ஒரு தாய்க்குப் பென்ஷனும் இன்னொரு தாய்க்குக் கரிச்சாக்கும்?

கேட்டேன். கவிதா தமிழாக்கம்.

ரோஸ் சொன்னாள்: அவர்களுடைய முன்னோர்கள் எல்லாரும் அடிமைகள். இருநூறு வருஷத்துக்கு முன்னால் எழுந்து நின்று, சண்டை போட்டு, பிரெஞ்சுக்காரனை விரட்டிவிட்டுத் தனி நாடானார்கள். சரி. பிறகு அவன் போர்க்கப்பலோடு திரும்பி வந்து, உங்களால் எங்களுக்கு நஷ்டம், அதைக் கொடுங்கள் என்று கேட்டானாம். கடன் வாங்கிக் கொடுத்தார்களாம். நூறு வருஷத்துக்கு மேல் அந்தக் கடனை அடைத்தார்களாம்.

எனக்கு விளங்கவில்லை. "யாரு யாருக்குக் கொடுத்தாங்க? சரியாக் கேட்டுச் சொல்லுடி" என்றேன்.

"சரியாத்தான்மா சொல்றேன். அடிமையா இருந்தவங்க, முதலாளிங்களுக்கு."

அடித்தவனுக்குக் கை வலிக்கிறது என்று அடி வாங்கினவன் தைலம் வாங்கிக் கொடுப்பானா? நூறு வருஷமா? பெருமாளே, இப்படியும் உலகத்தில் நடக்குமா? பேப்பரில் படித்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன். என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், அந்தத் தைலத்துக்குப் பணம் கட்டினவர்களின் பேத்தி உட்கார்ந்திருந்தாள்.

ராமசாமி சூழ்நிலையை இலேசாக்க நினைத்தார் போலிருக்கிறது. "அதனாலதான் நாங்க சமர்த்தா பிரான்ஸோடயே இருந்துட்டோம்."

"நீங்களா எங்க இருந்தீங்க?" என்றாள் ரோஸ். "உங்களை வெச்சிருக்காங்க."

அவர் சிரித்தார். காது மட்டும் சிவந்தது.

நான் சும்மா இருந்திருக்கலாம். "உங்களை யாருன்னு கேட்டா என்ன தம்பி சொல்வீங்க?" என்று கேட்டுவைத்தேன். "பிரெஞ்ச்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "குவாதலூப்." இன்னும் கொஞ்சம் பொறுத்து, சாமி படத்தைப் பார்த்துவிட்டு, "இண்டியன் டூ." ஒரு பாஸ்போர்ட்டுக்கு மூன்று பதில். ரோஸைக் கேட்டதும், கேள்வி முடிவதற்குள் "ஹைட்டி" என்றாள். ஒன்றே ஒன்று. அதைச் சொல்லிவிட்டுத்தான் கை கழுவ எழுந்து போனாள்.

அப்போதுதான் ராமசாமி என்னிடம் அப்படிச் சொன்னார்.

"ஏன் தம்பி?"

"உங்களுக்கு அவங்களைத் தெரியாது ஆண்ட்டி. எங்க தீவுக்கு நிறைய வர்றாங்க. ஒருத்தர் வந்தா பின்னாடியே பத்து பேர் வருவாங்க. தெருவுல ஹைட்டிக்காரங்க நடந்தாலே எங்கம்மா கேட்டைப் பூட்டிடுவாங்க."

"எதுக்கு வர்றாங்க?"

"கூலி வேலைக்கு. கரும்பு வெட்ட."

"உங்க கொள்ளுத்தாத்தாவும் கரும்பு வெட்டத்தானே போனார்?"

"அது வேற ஆண்ட்டி."

அது வேற! அந்த இரண்டு வார்த்தை மட்டும் எல்லாப் பாஷையிலும் இருக்கும் போலிருக்கிறது.

ரோஸிடம், "யோசிச்சுச் சொல்றேம்மா" என்று அனுப்பிவைத்தேன். ராமசாமி மாடியேறிப் போனதும் எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன மனுஷன்டி இவன்? அம்மன் பாட்டுப் பாடற வாயா இது?" என்று கவிதாவிடம் பொரிந்து தள்ளினேன்.

அவள் போனில் இருந்து தலையைத் தூக்கவில்லை. "போன வருஷம் ரெண்டு ஸ்டூடண்ட்ஸ் ரூம் கேட்டு வந்தாங்களே, ஆப்பிரிக்கால இருந்து. அவங்ககிட்ட நீ என்னம்மா சொன்ன?"

"பெயிண்ட் அடிக்கப் போறோம்னு சொன்னேன்."

"அடிச்சமா?"

"அது வே..."

பாதியில் நின்றேன். மீதி எழுத்தை விழுங்கிக்கொண்டு பாத்திரம் தேய்க்கப் போனேன். தேய்த்த பாத்திரத்தையே மறுபடியும் தேய்த்தேன்.

உண்மையைச் சொல்லட்டுமா? மாடியை நான் ஒரு மனிதருக்கா கொடுத்தேன்? ஒரு பெயருக்கல்லவா கொடுத்தேன். ராமசாமி என்ற பெயரில்லாமல் அதே தீவில் இருந்து ஒருவர் வந்து நின்றிருந்தால்... பெயிண்ட் டப்பா தயாராக இருந்திருக்கும்.

சரி, அப்படியாவது அன்றைக்கே ரோஸுக்குப் போன் செய்து வரச் சொன்னேனா? இல்லை.

"அபீ நக்கோ, இப்ப வேண்டாம்" என்றார் என் வீட்டுக்காரர். பிறந்ததில் இருந்து செகந்தராபாத். யோசிக்க வேண்டிய விஷயம் என்றால் உருது வந்துவிடும். "எதிர்வீட்டுக்காரங்க ஏதாவது சொல்வாங்க. மாடியில அவரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுப்பார். ஹவ், ஆமா, பாவம்தான்... நாலு நாள் போகட்டும்."

திங்கள் போனது. செவ்வாய் விரதம். புதன்கிழமை கவிதா, "அம்மா, ரோஸ் கேட்டா. என்ன சொல்ல?" என்றாள். "வெள்ளிக்கிழமை பூக்கட்டிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

எங்கள் வீட்டில் எந்த முடிவும் அப்படித்தான். வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம். அம்மன் முன்னால் போட்டு, குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் சம்மதம். கவிதா கல்யாணப் பேச்சில் இருந்து இவர் கண் ஆபரேஷன்வரை எல்லாம் அம்மன் சொல்லித்தான். வெள்ளிக்கிழமை கோயிலில் பக்கத்து வீட்டுக் குட்டி எடுத்தது வெள்ளைப்பூ. கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பாரம் இறங்கினமாதிரி இருந்தது.

சனிக்கிழமை காலை பின்பக்க அறையைக் கூட்டி, ஃபினாயில் போட்டுத் துடைத்து, சாவியை எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஹாஸ்டலுக்குப் போனேன்.

வாசலிலேயே நின்றிருந்தாள். பக்கத்தில் இரண்டு பெட்டி. என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள்.

"ஆண்ட்டி, ரூம் கிடைச்சிடுச்சு. வியாழக்கிழமையே."

மெஹதிப்பட்டணம் பக்கம், தனியாக இருக்கும் ஒரு முஸ்லிம் அம்மாவின் வீடாம். சாவி என் கைக்குள் குத்தியது. கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். "என்ன கேட்டாங்கம்மா? எந்த ஊரு, யாரு, என்ன சாப்பிடுவேன்னெல்லாம் கேட்டிருப்பாங்களே?"

"ஒரே கேள்விதான் ஆண்ட்டி" என்று சிரித்தாள். "'பால்டி இருக்கா, நான் தரட்டுமா?'ன்னு கேட்டாங்க. பால்டின்னா பக்கெட்டுன்னு எனக்கு அப்பதான் தெரியும்."

ஐந்து நாள் அம்மன் என்ன சொல்வாள் என்று காத்திருந்தேன். தெரிந்ததைக் கேட்டால் தெய்வம் என்ன சொல்லும்? ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையிலேயே அம்மன் சொல்லிவிட்டாள் என்று இப்போது தோன்றுகிறது. நான்தான் அதைப் பூவில் கட்டி வெள்ளிக்கிழமைவரை வைத்திருந்தேன்.

பெட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் புது வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள்தான் சமைப்பாளாம், சோறும் காராமணியும்.

நாளைக்குப் போகிறோம். ராமசாமியையும் கூப்பிட்டேன். "பார்க்கலாம் ஆண்ட்டி" என்றார்.

இந்தத் தடவை நான் பூக்கட்டிப் பார்க்கவில்லை.