பன்னீர் தெளித்த பொம்மை

என் நாத்தனார் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமனை ஒரு பொம்மை அடித்தது. அந்தப் பொம்மையின் கையை ஆட்டிய மோட்டாருக்குப் புரோகிராம் எழுதி ஏற்றியவள் நான். எங்கள் வீட்டு விசேஷங்களில் இன்றும் யாராவது இதைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பிப்பார்கள். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவேன்.

இரண்டாயிரங்களின் நடுவில் கல்யாணமாகி முத்தியால்பேட்டைக்கு வந்தேன். எலக்ட்ரானிக்ஸ் படித்திருந்தேன், வேலை இல்லை. மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தை தெருவில் பார்க்கிற எல்லோரிடமும் என்னை "இன்ஜினியர் மருமக" என்று சொல்லிவைத்திருந்தார். "எங்க வேலை பாக்குது?" என்று அவர்கள் கேட்டால், "பாத்துட்டே இருக்கு" என்பார். எனக்கு உடம்பு கூசும். தட்டாஞ்சாவடியில் ஒரு சின்னக் கம்பெனிக்கு நேர்காணலுக்குப் போனபோது, "நீங்களா செஞ்ச பொருள் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகுதான் சர்வோ மோட்டார் வாங்கினேன். பொம்மை விமானத்தில் வைக்கிற மோட்டார், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. எந்தக் கோணத்துக்குத் திரும்பு என்று சொன்னால் அந்தக் கோணத்தில் போய் நிற்கும். ஆனால் வெடுக்கென்று திரும்பும். உள்ளே இருந்த சர்க்யூட்டை எடுத்துவிட்டு, ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சிப் வைத்து நானே ஒரு சின்ன போர்டு செய்து உள்ளே அடக்கினேன். எவ்வளவு வேகம், எதுவரை போகலாம் என்ற எண்களைச் சிப்பின் நினைவகத்தில் எழுதிவைத்தேன். வீட்டுக் கம்ப்யூட்டரின் பின்னால், பிரிண்டர் செருகுகிற இடத்தில் நானே பற்றவைத்த கேபிளைச் செருகிப் புரோகிராமை ஏற்றினேன். பல தடவை எரர் வந்தது. கடைசியில் ஒரு மத்தியானம், சாப்பாட்டு மேஜைமேல் அந்த மோட்டார் தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல அத்தனை மெதுவாகத் திரும்பியது.

நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை அதைப் பார்த்தார். "இது கையை ஆட்டுமா?"

"எதை மாட்டினாலும் ஆட்டும் அத்தை."

"மண்டபத்து வாசல்ல பன்னீர் தெளிக்குமே பொம்மை, அதை நீ பண்ணிடேன். வாடகைப் பொம்மை யார் வேணா வெப்பாங்க. நம்ம வீட்டுப் பொண்ணு பண்ணதுன்னா அது தனிதான?"

நான் உடனே சரி என்றேன். அந்த வீட்டில் என்னை நம்பி ஒருவர் கேட்ட முதல் வேலை அது.

என் கணவர் நண்பரின் துணிக்கடையிலிருந்து ஒரு பழைய பொம்மையைக் கொண்டுவந்தார். கை கனமாக இருந்ததால் அதைக் கழற்றிவிட்டு, தெர்மாகோலில் ஒன்று செய்து துணி சுற்றி, தோளில் மோட்டாரை வைத்தேன். அத்தை பட்டுப்புடவை கட்டிவிட்டு, வளையல் போட்டு, கையில் பன்னீர்ச் செம்பையும் கட்டிவைத்தார். வீட்டில் அது அழகாக வேலை செய்தது. கை மெல்ல எழும், முன்னால் வரும், லேசாகக் குலுங்கும், இறங்கும்.

கல்யாணம் உழவர்கரைப் பக்கம் ஒரு மண்டபத்தில். காலையில் மாப்பிள்ளை வீட்டார் வரத் தொடங்கியதிலிருந்து அத்தை வாசலை விட்டு நகரவில்லை. "எங்க மருமக பண்ணது. கம்ப்யூட்டர்ல எழுதிப் பண்ணது," என்று ஒவ்வொருவரையும் நிறுத்திச் சொன்னார். குழந்தைகள் பன்னீருக்காகத் திரும்பத் திரும்ப வந்தார்கள். எனக்குப் பெருமைதான். ஆனால் அத்தனை கண்கள் என் பக்கம் திரும்பியபோது பொம்மைக்குப் பின்னால் போய் ஒயரைச் சரிசெய்வதுபோல நின்றுகொண்டேன்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் கடைசி வண்டியில் வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர், எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவர் வருகிறார் என்றதும் நாதஸ்வரக்காரர்களே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். வெள்ளைச் சட்டை, தங்க ஃபிரேம் கண்ணாடி. அத்தை அவரை நேராகப் பொம்மையின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

அப்போது கரண்ட் தள்ளாடியது. விளக்குகள் மங்கின, ஒருமுறை எரிந்தன, மறுபடி மங்கி அணைந்தன. பின்னால் ஜெனரேட்டர் இரைந்தது. வெளிச்சம் வந்த நொடியில் பொம்மையின் கை சர்ரென்று மேலே போய், போகக்கூடாத இடம்வரை போய், அதே வேகத்தில் முன்னால் விழுந்தது. செம்பு அவர் கன்னத்தில் பட்டது. கண்ணாடி தெறித்துத் தரையில் விழுந்தது. பன்னீர் முழுதும் சட்டையில் கொட்டியது. கை நிற்கவில்லை, மறுபடியும் மேலே போனது. நான் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

நாதஸ்வரம் நின்றுவிட்டது. யாரோ ஒரு பையன் சிரித்தான், அவன் அம்மா அவன் வாயைப் பொத்தினாள். பிளக் என் கையில் இருந்தது.

"வாடகைக்கு எடுத்ததுங்க," என்றார் அத்தை. "கடைக்காரன் பழசைக் குடுத்து ஏமாத்திட்டான். நாளைக்கே போய்க் கேக்குறேன்."

மாப்பிள்ளையின் அம்மா அவரைப் பார்த்தார். "மருமக பண்ணதுன்னு இப்பதான சொன்னீங்க?"

"அவ பண்ணது வேற. அது வீட்ல இருக்கு."

யாரும் நம்பவில்லை. ஆனாலும் யாரும் மறுத்துப் பேசவில்லை. பொம்மையை ஸ்டோர் ரூமுக்குத் தூக்கிப் போனேன். அரிசி மூட்டைகளுக்கு நடுவில் அதன் புடவையைச் சரிசெய்துகொண்டே நின்றேன். தாலி கட்டுகிற நேரத்துக்கு மட்டும் வந்து, கூட்டத்தின் பின்னால் நின்று அட்சதை போட்டேன்.

பந்தியில் அந்தத் தாய்மாமன் என்னைக் கூப்பிட்டார். மூக்குக்கண்ணாடியில் ஒரு பக்கம் லென்ஸ் இல்லை. கன்னத்தில் சின்னதாகச் சிவந்திருந்தது.

"நீதான பண்ண?"

"ஆமா மாமா. மன்னிச்சிடுங்க."

"ஏன் அடிச்சது?"

அன்றைக்கு அப்படிக் கேட்டவர் அவர் ஒருவர்தான். நான் சொன்னேன். கரண்ட் தள்ளாடினால் சிப் தன்னை நிறுத்திக்கொள்ளும்படி ஓர் ஏற்பாடு உண்டு. புரோகிராம் ஏற்றும்போதே அதை ஆன் செய்திருக்க வேண்டும். நான் செய்யவில்லை. குறைந்த கரண்டில் தடுமாறி, அது தன் நினைவில் இருந்த எண்களை அழித்துக்கொண்டது. அழிந்த இடம் காலியாக இருக்காது, இருப்பதிலேயே பெரிய எண்ணாக ஆகிவிடும். அதனால் வேகத்துக்கும் அளவில்லை, தூரத்துக்கும் அளவில்லை.

அவர் பொறுமையாகக் கேட்டார். "ஸே பா க்ராவ், பரவால்லம்மா," என்றார் பிரெஞ்சும் தமிழுமாக. பிறகு அப்பளத்தை உடைத்துக்கொண்டே, "ஆனா நாலு பேர் முன்னால நிறுத்தறதுக்கு முந்தி கரண்டை அணைச்சுப் போட்டுப் பாத்திருக்கணும், இல்ல?" என்றார்.

"ஆமா மாமா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சொன்னது அவ்வளவு சரியாக இருந்தது. நிமிர்ந்தபோது எதிரே அத்தை பாயசச் சட்டியோடு நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். எனக்காகத்தான் அவர் பொய் சொன்னார். அதைச் சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்த பந்தியில் நானே பொய்யென்று சொல்லிவிட்டேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. செம்பு பட்டது, கண்ணாடி உடைந்தது, எல்லாம் அந்த நிமிடத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை என்று ஆனது.

வேனில் திரும்பும்போது அத்தை ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். என் கணவர், "விடு, நாலு நாள்ல மறந்துடுவாங்க," என்றார். யாரும் மறக்கவில்லை.

மறுநாளே கேபிளைச் செருகி, விட்டுப்போன ஏற்பாட்டைச் சேர்த்துப் புரோகிராமை மறுபடி ஏற்றினேன். சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்தேன். கை ஒருமுறைகூடத் தவறவில்லை. இதை யாரிடம் சொல்வது? பிறகு அதே தட்டாஞ்சாவடிக் கம்பெனிக்கு அந்த போர்டை எடுத்துப்போய்க் காட்டினேன். எதற்காகச் செய்தது என்று கேட்டார்கள். பழகிப் பார்க்க என்றேன். வேலை கிடைத்தது.

வேலையில் சேர்வதற்கு முந்தின நாள், பொம்மையைப் பரணில் ஏற்ற எடுத்தபோது அத்தை வந்தார்.

"சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன் அத்தை."

"போடு, பாக்கலாம்."

பிளக்கைச் செருகினேன். கை மெல்ல எழுந்து முன்னால் வந்தது. நடுவில் சுவிட்சை அணைத்துப் போட்டுக் காட்டினேன். அமைதியாகத் தொடர்ந்தது. அத்தை சமையலறை நிலைப்படியிலேயே நின்று பார்த்தார், கிட்டே வரவில்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றார். பிறகு, "அன்னிக்கு அவர்கிட்ட நீ சொல்லாம இருந்திருக்கலாம்."

"அவர் கேட்டாரு அத்தை."

"கேட்டாருதான்."

குக்கர் விசில் அடித்தது, உள்ளே போய்விட்டார். நான் பிளக்கை எடுத்தேன். பாதியில் நின்ற கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். என்ன சொல்லிக்கொண்டு அவர் பின்னால் போவது என்று தெரியவில்லை, பொம்மையைத் தூக்கிப் பரணில் ஏற்றினேன்.